தைத்து முடித்தால் போதுமா?

2023 நோன்புப் பெருநாள் முடிந்து மூன்று வாரம் இருக்கும். கடையைப் பூட்டப் போகும் நேரம் என் தங்கையின் மகள் வந்தாள். அவளோடு வந்த முச்சக்கர வண்டிச் சாரதி நான்கு பெரிய பொலித்தீன் பைகளை இறக்கி வாசலில் வைத்துவிட்டுப் போனார். பைகளுக்குள் அபாயாக்கள். கொழும்பில் ஒரு கடைக்குப் பெருநாளுக்காகக் கொடுத்தவை திரும்பி வந்திருந்தன.

"மாமா, இத உங்கட கடையில வெச்சு வித்துத் தரேலுமா?" என்று கேட்டாள். அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்து முப்பது வருடங்களுக்கு மேலாகிறது. எவருடைய சரக்கு எப்போது தேங்கும் என்பதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவேன் என்ற ஒரு பெருமை எனக்கு இருந்தது. ஆனால் என் சொந்தத் தங்கையின் நான்கு பவுண் காப்பு விற்கப்பட்டு இந்த அபாயாக்கள் தைக்கப்பட்டன என்பது அன்று இரவுதான் எனக்குத் தெரிய வந்தது.

அவள் கெட்டிக்காரி. தெஹிவளையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். இரண்டு வருடம் ஆடை வடிவமைப்புப் படித்தவள். அவளது கை வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றிரவு ஓர் அபாயாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தையல் நேராக இருந்தது. கைப்பகுதி விழும் அழகு வெளிநாட்டுச் சரக்கைவிட நன்றாக இருந்தது. அவ்வாறிருந்தும் ஏன் விற்கவில்லை? இந்தக் கேள்வியோடு நாங்கள் இரண்டு பேரும் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் உட்கார்ந்தோம். அங்கே கண்டுகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். எமது வீடுகளில் இன்று ஏராளமான பெண் பிள்ளைகள் இந்தத் தொழிலில் இறங்கியிருக்கிறார்கள். அவர்களது வாப்பாமாரும் மாமாமாரும் நானாமாரும்தான் இந்தப் பத்தியின் வாசகர்கள். அது மட்டுமன்றி, அவர்களது சரக்கை வாங்கி விற்கும் கடைக்காரர்களும் நீங்கள்தான்.

கணக்கில் எழுதப்படாத செலவு

முதலில் விலையைப் பார்த்தோம். ஓர் அபாயாவுக்கு அவள் போட்டிருந்த கணக்கு இது. துணி மூன்றேகால் யார், யார் 900 ரூபா வீதம் 2,925. தையற்கூலி 900. கல் வேலையும் லேஸும் 450. நூல், பட்டன், லேபல், பை எல்லாம் சேர்த்து 225. மொத்தம் 4,500 ரூபா. கடைக்கு 5,500 ரூபாவுக்குக் கொடுத்தாள். ஒன்றுக்கு ஆயிரம் ரூபா இலாபம் என்று நினைத்தாள்.

"மகள், வெட்டும்போது வீணான துணி எங்கே?" என்று கேட்டேன். கணக்கில் இல்லை. ரோலின் நடுவில் கறை இருந்து ஒதுக்கிய துண்டு எங்கே? அதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்து ஒன்றுக்கு 150 ரூபா என்று எழுதினோம். 12 டிசைனுக்கு மாதிரி தைக்கவும் பெட்டர்ன் வெட்டவும் டிசைன் ஒன்றுக்கு 3,500 ரூபா வீதம் 42,000 ரூபா போயிருந்தது. 180 அபாயாவுக்கும் பகிர்ந்தால் ஒன்றுக்கு 233. மின்சாரம், தொலைபேசி, புறக்கோட்டைக்கு வந்துபோன வண்டிக்கூலி, படம் பிடித்த செலவு ஆகியவற்றுக்கு 36,000. ஒன்றுக்கு 200. கடைசியில், "உன்னுடைய சம்பளம் எவ்வளவு?" என்றேன். சிரித்தாள். மூன்று மாதம் இரவு பகலாக வேலை செய்திருக்கிறாள். மாதம் 40,000 ரூபா என்று மிகக் குறைவாகப் போட்டாலும் 120,000 ரூபா. ஒன்றுக்கு 667.

கூட்டிப் பார்த்தோம். 5,750 ரூபா. அதாவது அவள் விற்ற ஒவ்வொரு அபாயாவிலும் 250 ரூபா நட்டம். எல்லாமே விற்றிருந்தாலும் நட்டம்தான். அந்தக் கணத்தில் அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

வீட்டிலிருந்து தைப்பவர்கள் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். தங்கள் உழைப்புக்கு விலை போடுவதில்லை. அறிமுகமானவர்களுக்கு விற்கும்வரை அது வெளியே தெரியாது. கடைக்குக் கொடுக்கும்போதுதான் தெரியும். ஏனென்றால் கடைக்காரருக்கும் ஒரு பங்கு வேண்டும். அந்தக் கடையில் இவளுடைய அபாயா 9,900 ரூபாவுக்குப் போடப்பட்டிருந்தது. "அநியாயம் மாமா, தைச்ச எனக்கு ஒன்றுமில்ல, அவருக்கு நாலாயிரத்தி நானூறு" என்றாள். நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. கடை வாடகை, கீ மணி, விற்பனைப் பிள்ளைகளின் சம்பளம், குளிரூட்டியின் மின்சாரக் கட்டணம், அட்டையில் பணம் செலுத்தினால் வங்கிக்குப் போகும் கழிவு, விற்காமல் தேங்குவதைக் கழிவு விலையில் தள்ளும் நட்டம் எல்லாம் அந்த 4,400 ரூபாவுக்குள்தான் இருக்கிறது. கொள்விலையைப் போல் இரு மடங்குக்கு விற்பது ஆடைக் கடைகளில் உலகம் முழுக்க உள்ள வழக்கம். ஆகவே வடிவமைப்பாளர் கீழேயிருந்து கணக்குப் போட்டால் மாட்டிக்கொள்வார். கடையில் அந்த உடுப்பு என்ன விலைக்குப் போகும் என்று முதலில் தீர்மானித்து, அங்கிருந்து கீழே இறங்கிவர வேண்டும். அந்த விலைக்குள் அடங்காத டிசைனைத் தைக்கவே கூடாது.

அவள் செய்த இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. கடைக்குக் கொடுத்த அதே அபாயாவை வட்ஸ்அப்பில் தெரிந்தவர்களுக்கு 6,000 ரூபாவுக்கு விற்றிருக்கிறாள். ஒரு வாடிக்கையாளர் கடைக்குப் போய், "இதே அபாயா தெஹிவளையில் 6,000 ரூபா" என்று தொலைபேசியில் படத்தைக் காட்டியிருக்கிறார். மறுநாள் இவளது சரக்கு கடையின் பின்பக்க ரெக்குக்குப் போய்விட்டது. நான் அந்தக் கடைக்காரராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். கடைக்கு ஒரு விலை, வீட்டில் அதைவிடக் குறைந்த ஒரு விலை என்று வைத்திருப்பவரை எந்தக் கடையும் நீண்ட நாள் வைத்திருக்காது. மொத்த விலை ஒன்று இருக்கட்டும். சில்லறை விலை எங்கே விற்றாலும் ஒன்றாகவே இருக்கட்டும்.

பன்னிரண்டு டிசைனும் அறுபதாம் இலக்கமும்

180 அபாயா எப்படி வந்தது? 12 டிசைன், 52 முதல் 60 வரை ஐந்து ஸைஸ், ஒவ்வொன்றிலும் மூன்று. கணக்குக்கு அழகாக இருக்கிறது. கடைக்கு அழகாக இல்லை. எமது பெண்களில் பெரும்பாலானோருக்கு 52, 54, 56 போதும். திரும்பி வந்த பைகளைப் பிரித்தபோது கண்டதெல்லாம் 58உம் 60உம்தான். அதேவேளை 54 கேட்டு வந்தவர்கள் இல்லையென்று திரும்பிப் போயிருக்கிறார்கள். விற்கக்கூடியது போதாமலும் விற்க முடியாதது மிஞ்சியும் ஒரே நேரத்தில் ஒரு சரக்கு தேங்க முடியும் என்பதை நாமும் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

டிசைன் அதிகமாக இருந்தால் கலைத்திறன் தெரியும் என்று அவள் நினைத்தாள். ஆனால் டிசைன் ஒன்று கூடும்போது ஒரு மாதிரி, ஒரு பெட்டர்ன், ஒரு வகைத் துணி, ஒரு வகைப் பட்டன் எல்லாம் கூடுகிறது. கடைக்காரரின் கண்ணுக்கும் அது ஒரு தொகுப்பாகத் தெரிவதில்லை. பலர் தைத்ததைப் பொறுக்கி வந்ததுபோல் தெரிகிறது. ஐந்து டிசைன், அவற்றுக்குள் இரண்டு மூன்று நிறம், ஒரே கையின் வேலை என்று பார்த்ததும் தெரிய வேண்டும். 1964இல் பார்பரா சன்சோனி ஆரம்பித்த பெயார்பூட்டின் கைத்தறித் துணியைக் கொழும்பில் எவரும் லேபல் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள். நிறச் சேர்க்கையே அதற்கு லேபல்.

துணி விடயத்தில் புறக்கோட்டைக்காரன் என்ற வகையில் ஒன்று சொல்ல வேண்டும். எங்களிடம் இன்று இருக்கும் துணி அடுத்த மாதம் இருக்கும் என்று நினைக்காதீர்கள். ஒரு லொட் முடிந்தால் அடுத்த லொட்டில் கறுப்பும்கூட வேறு கறுப்பாகத்தான் வரும். 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் எல்சி திறக்க முடியாமல், 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபாவைத் தொட்டபோது, நாங்களே பழைய வாடிக்கையாளருக்குத் துணி கொடுக்க முடியாமல் நின்றோம். ஒரு டிசைன் நன்றாக ஓடி, கடை மீண்டும் 20 கேட்டால் கொடுக்கத் துணி இருக்க வேண்டும். ஆகவே துணியை வெட்டுவதற்கு முன்னர், நம்பிக்கையான டிசைனுக்காவது ஒரு ரோலை ஒதுக்கி வையுங்கள். அல்லது மருதமுனைக் கைத்தறி போல், நெய்பவரிடமே பேசி மீண்டும் பெறக்கூடிய துணியைத் தெரிவு செய்யுங்கள்.

நாள் குறிப்பதில் தொடங்குகிறது வியாபாரம்

2023இல் நோன்பு மார்ச் மாதக் கடைசியில் தொடங்கியது. இவள் கடைக்குச் சரக்குக் கொடுத்தது இரண்டாம் பத்து முடியும் நேரத்தில். நடுவில் சித்திரைப் புத்தாண்டு. தைத்துக் கொடுத்த சிங்களச் சகோதரிகள் ஊருக்குப் போய்விட்டார்கள். கடைசி 40 அபாயாவுக்குக் கல் பதித்தது இவளும் என் தங்கையும்தான்.

பாரிஸிலும் மிலானிலும் குளிர்காலத்துக்கான ஆடைகளைப் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் காட்டுகிறார்கள். கோடை காலத்துக்குரியதை செப்டெம்பர், ஒக்டோபரில் காட்டுகிறார்கள். கடைக்காரர்கள் அங்கே கட்டளை கொடுத்தால் சரக்கு கடைக்கு வருவது ஆறு மாதம் கழித்து. இது பெரியவர்களின் ஆடம்பரம் அல்ல. துணி வாங்க, வெட்ட, தைக்க, பிழை திருத்த, அனுப்ப எடுக்கும் காலம் அது. எமக்கு நோன்பு ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னே வருகிறது. 2030இல் ஜனவரியிலும் டிசம்பர் இறுதியிலுமாக இரண்டு தடவை நோன்பு தொடங்கும். போன வருட நாட்காட்டியை வைத்து வேலை செய்பவருக்கு ஒவ்வொரு வருடமும் பத்து நாள் குறையும். கடைக்காரர்கள் நாங்கள் பெருநாள் சரக்குக்கான பணத்தை நான்கு ஐந்து மாதத்துக்கு முன்னரே ஒதுக்கிவிடுகிறோம். அதன் பிறகு எவ்வளவு நல்ல அபாயா வந்தாலும், "வெச்சுட்டுப் போங்க, வித்தாப் பாப்போம்" என்றுதான் சொல்வோம்.

அந்த "வித்தாப் பாப்போம்" என்ற வார்த்தையில்தான் என் மருமகளின் காப்புக் காசு மாட்டிக்கொண்டது. 110 அபாயாவைக் கடையில் வைத்தாள். எழுத்தில் ஒன்றுமில்லை. விற்றவை 61. திரும்பி வந்தவை 49. அவற்றில் 14இல் கழுத்தில் முகப்பூச்சுக் கறை, சிலவற்றில் கல் உதிர்ந்திருந்தது. உடுத்திப் பார்த்தவர்கள் செய்தது. அந்த நட்டம் யாருடையது? பேசிக்கொள்ளவில்லை. ஆகவே அவளுடையது. விற்ற 61க்குரிய 335,500 ரூபாவுக்கு இரண்டு மாதம் பின் திகதியிட்ட காசோலை கொடுத்தார்கள். காசோலையில் அவளது கடைப் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இல்லை, பெயரைப் பதிவு செய்யவும் இல்லை. வங்கி ஏற்கவில்லை. மாற்றி எழுதித் தர இன்னும் மூன்று வாரம்.

வீட்டில் 38ஐ விற்று 228,000 ரூபா வந்திருந்தது. மொத்த வரவு 563,500. கைக்காசாகப் போனது 915,000. மிச்சமிருந்தது 81 அபாயா.

என்னுடைய கொப்பி

கோபத்தில் அந்தக் கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். தெரிந்தவர், என்னைவிட இளையவர். நான் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நானா, குறை நினைக்காதீங்க. உங்கட கடையில நீங்க எப்படிச் செய்றீங்களோ அப்படித்தான் நானும் செஞ்சேன்" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் என் கணக்குக் கொப்பியைத் திறந்தேன். ஷோல், பிள்ளைகளின் சட்டை, தொழுகை உடுப்பு என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சிறிய ஆட்கள் 11 பேருக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது பேர் பெண்கள். ஒருவருக்கு ஏழு மாதமாகக் கொடுக்கவில்லை. மில்காரனுக்கும் இறக்குமதியாளருக்கும் ஒரு நாள் பிந்தியதில்லை. பிந்தினால் அடுத்த கொள்கலன் வராது. இந்தப் பெண்கள் வந்து கேட்டால், "அடுத்த கிழமை வாங்க" என்று பொடியன் சொல்லி அனுப்பியிருக்கிறான். சொல்லச் சொன்னது நான். 2019, 2020, 2022 என்று மூன்று அடி வாங்கியவர்கள் நாம், காசு இறுக்கம் உண்மைதான். ஆனால் அந்த இறுக்கத்தை யாருடைய தலையில் வைத்தோம் என்பதைக் கொப்பி சொன்னது.

அந்த மாதமே 11 பேருக்கும் கொடுத்து முடித்தேன். இப்போது வைத்து விற்கும் சரக்குக்கு மாதம் 10ஆம் திகதி கணக்குப் பார்த்துக் கொடுப்பதாக வைத்திருக்கிறேன். புண்ணியத்துக்காகச் செய்ததாக யாரும் எண்ண வேண்டாம். அந்தப் பெண்கள் இப்போது புது டிசைனை முதலில் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். பக்கத்துக் கடைக்கு மிச்சம்தான் போகிறது.

இரண்டாவது வருடம்

2024 நோன்புக்கு அவள் 2023 ஒக்டோபரிலேயே வெளிக்கிட்டாள். முதலில் பிரதேச செயலகத்தில் தனி உரிமையாளராக வியாபாரப் பெயரைப் பதிந்தாள், அந்தப் பெயரில் கணக்குத் திறந்தாள். அதன் பின் ஐந்து டிசைனுக்கு மட்டும் மாதிரி தைத்தாள். ஒரேயொரு தாளில் ஒவ்வொரு டிசைனின் படம், இலக்கம், துணி, நிறம், ஸைஸ், மொத்த விலை, சில்லறை விலை, ஆகக் குறைந்த கட்டளை எத்தனை, எந்தத் திகதிக்குள் சரக்குக் கிடைக்கும் என்று அச்சிட்டாள். வெளிநாட்டில் இதை லைன் ஷீட் என்பார்கள். நமக்கு விலைத்தாள் என்றால் போதும். மாதிரியைப் பார்த்துப் பிடித்துப்போன கடைக்காரர் மூன்று நாள் கழித்து யோசிக்கும்போது அவர் கையில் இருப்பது இந்தத் தாள் மட்டும்தான்.

டிசைன் குறைந்ததால் ரோலாகத் துணி வாங்கினாள், யாருக்கு 80 ரூபா குறைந்தது. ஒன்றாக அடுக்கி வெட்டியதில் மூன்று யாருக்குள் அடக்கினாள். அவளது சம்பளமும் சேர்த்து அடக்க விலை 5,100க்கு வந்தது. மொத்த விலை 6,500, சில்லறை விலை எங்கும் 10,900. தைத்தது 90 மட்டும். டிசைன் ஒன்றில் 52இல் நான்கு, 54இல் ஆறு, 56இல் ஐந்து, 58இல் இரண்டு, 60இல் ஒன்று.

ஏழு கடை ஏறினாள். நான்கு கடையில் வேண்டாம் என்றார்கள். ஒன்றில் பார்க்கவே இல்லை. கண்டியில் ஒரு கடை 36க்குப் பாதிப் பணம் முற்பணமாகக் கொடுத்தது. அந்த 117,000 ரூபாவில்தான் துணியின் பெரும்பகுதி வாங்கப்பட்டது. கொழும்பில் ஒரு கடை 24ஐ வைத்து விற்க எடுத்தது. இம்முறை எழுத்தில். கழிவு எத்தனை வீதம், எந்தத் திகதியில் பணம், கறைபட்டாலும் காணாமல் போனாலும் யார் பொறுப்பு, எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்று ஒரு பக்கம். மிச்சம் 30ஐ அவளே விற்றாள்.

டிசைனைக் களவெடுத்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். எமது தெருக்களில் அது ஒரு வாரத்து வேலை என்பதை மறைக்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கைத்தொழில் வடிவமைப்பைப் பதிய முடியும். ஐந்து வருடம் செல்லும், மேலும் இரண்டு தடவை ஐந்தைந்து வருடம் புதுப்பிக்கலாம். ஆனால் வடிவமைப்பு புதியதாக இருக்க வேண்டும். ஆகவே முகநூலில் படம் போட்ட பின் ஓடிப் பயனில்லை. என் அபிப்பிராயம், ஒவ்வொரு பருவமும் மாறும் டிசைனுக்குப் பணம் செலவழிப்பதைவிட, முதலில் பெயரை வியாபாரச் சின்னமாகத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவதுதான். அது பத்து வருடம் செல்லும். டிசைனைக் களவெடுத்தவன் அடுத்த டிசைனுக்கும் காத்திருக்க வேண்டும், பெயரை எடுத்தவன் காத்திருக்க வேண்டியதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. ஒட்டாரா குணவர்தன 1980களின் இறுதியில் ஏற்றுமதியில் மிஞ்சிய உடுப்புகளைத் தன் காரின் பின்பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கியவர். அதிலிருந்து வந்த ஓடெல், 2010இல் கொழும்புப் பங்குச் சந்தைக்குப் போனது. கடைகளுக்கு முன்னர் ஆட்களிடம் நேரடியாக விற்றவருக்கு எந்த ஸைஸ் ஓடும், எந்த நிறத்தைக் கையில் எடுத்துத் திரும்ப வைப்பார்கள் என்று தெரியும். வீட்டில் இருந்து விற்கும் பிள்ளைகள் அந்தத் தகவலை ஒரு கொப்பியில் எழுதி வைப்பதில்லை என்பதுதான் என் குறை.

2024 பெருநாளுக்குப் பிறகு அவளிடம் மிஞ்சியது 13 அபாயா. பழைய 81இல் பெரும்பகுதியை அடக்க விலைக்கும் குறைவாக ஏற்கனவே தள்ளியிருந்தோம். என் தங்கையின் கையில் காப்பு இன்னும் ஏறவில்லை.

அந்த வருட ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் ஒரு நாள் அவள் மீண்டும் கடைக்கு வந்தாள். இம்முறை பொலித்தீன் பை இல்லை. ஐந்து மாதிரி, ஒரு விலைத்தாள். 20 எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். திகதி, கழிவு வீதம், கறைபட்டால் யார் பொறுப்பு, எல்லாம் இருந்தது.

"என்ன மகள், மாமாட்டயுமா?" என்றேன்.

"ஓம் மாமா. கீழ ஒப்பம் வையுங்க" என்று பேனையை நீட்டினாள்.